பனித்தரையில் இருவர்

சென்ற மாதத்து மாலையொன்றில் மருதானைப் புகையிரத நிலையத்தினின்றும் வெளிப்பட்ட நாம், திடீரெனக் கொட்டிய மழைக்கு அஞ்சி எதிர்ப்புறத்துத் தேநீர்க் கடையொன்றில் ஒதுங்கினோம். எம்மைப் போல் ஒதுங்கியோர் பதினைவர் இருப்பர். சுவரிலே உயரத்திற் பொருத்தப்பட்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் துடுப்பாட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கும் மழை வந்து ஆட்டத்தை நிறுத்திவிட்டது. கடை முதலாளி சலிப்புடன் வேறோர் அலைவரிசைக்குத் திருப்பினார். வெண்பளிங்கு போன்ற ஒரு தரை. அதன்மேல் ஓர் இளைஞனும் ஒரு நங்கையும். தாழப் பறக்கும் பறவைகள் போன்று இருவரும் வழுக்கிச் சென்றனர். இமைக்கும் நேரத்தில் இளைஞன் நங்கையை இடையிற் பற்றித் தலைக்குமேல் எறிந்தான். அவள் அந்தரத்திலே பம்பரமெனச் சுழன்று மீண்டும் அவன் கைகளில் வந்து சேர்ந்தாள்.

கடையிற் பேச்சொலி அடங்கிற்று. பேரனைக் கையிற் பிடித்தபடி நின்ற மூதாட்டி ஒருவர் எம்மை நோக்கி, "தம்பி, பிடி தவறி அந்தப் பிள்ளை விழுந்திட்டா என்ன செய்யிறது?" எனக் கேட்டார்.

"விழுவதும் உண்டு, அம்மா" என்று மட்டும் சொன்னோம். மழை இரைச்சலுக்கிடையே அதற்கு மேல் விளக்க இயலவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை வாசகர்களுக்கு இங்கே கூற விழைகின்றோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடல் நன்று. பனிச்சறுக்கு என்றதும் நம்மவர் பலர் மனத்திற் தோன்றுவது, நீண்ட மட்டைகளைக் காலிற் பூட்டிக் கோல் ஊன்றி மலைச்சரிவில் இறங்கும் விளையாட்டாகும். அது வேறு. இங்கே நாம் கூறுவது, உறைந்த நீர்ப்பரப்பின்மேல், அடியிலே உருக்குத் தகடு பூட்டிய சப்பாத்து அணிந்து ஆடும் ஸ்கேட்டிங். அதிலும் வேகமாக ஓடிப் போட்டியிடுவது ஒருவகை. வளைந்தும் சுழன்றும் பாய்ந்தும், தரையிலே கோலமிடுவது போல் ஆடும் சித்திரச் சறுக்கல் மற்றொரு வகை. இச்சித்திரச் சறுக்கலில் ஆடவர் தனித்தும் மகளிர் தனித்தும் ஆடுவதோடு, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்தாடும் பிரிவுகளும் இரண்டுண்டு. பனி நடனம் என்பது ஒன்று. அதில் ஆடவன் துணைவியைத் தலைக்குமேற் கைநீட்டி உயர்த்தலாகாது, எறிதலும் ஆகாது, தாளமும் அடிவைப்புமே அதற்கு உயிர். மற்றையது சோடிச் சறுக்கல். தேநீர்க் கடையில் எம்மை வாய்பிளக்க வைத்தது இதுவே.

ஐஸ் என்றால் நமக்கு ஐஸ்பழமும் மீன்கடைப் பெட்டியும்தாம் நினைவுக்கு வரும். நுவரெலியாவிலே தை மாதத்து விடியலிற் புல்நுனிகளில் உறைபனி படிவதைக் கண்டு அதிசயித்துத் திரும்புவதே நம்மால் இயன்றது. சறுக்குமிடமோ 60 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட பெருங்கூடம். தரையின் கீழே குழாய்கள் பதித்து, உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த உப்புநீர் போன்ற திரவத்தை அவற்றின் ஊடாக ஓடவிட்டு, மேலே தெளித்த நீரைப் படை படையாக உறையச் செய்கின்றனர். இப்படி உருவாகும் பனிப்படலத்தின் கனம் இரண்டொரு அங்குலமேயாகும்.

சப்பாத்தின் தகட்டைப் பற்றியும் ஒரு சொல். அது ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் தடிப்புடையது. அடிப்பாகம் தட்டையானதன்று; நீளவாக்கில் மெல்லிய பள்ளமாகக் குடையப்பட்டிருக்கும். ஆதலால் ஒரே தகட்டுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரு விளிம்புகள் அமைகின்றன. தேர்ந்தவர் தகடு முழுவதிலும் நிற்பதில்லை. ஏதேனும் ஒரு விளிம்பிற் சாய்ந்தே செல்வர். அந்தச் சாய்வே அவர்களை வளைத்துக் கொண்டுபோகிறது. தகட்டின் முன்நுனியில் வாள்பற்கள் போன்ற சில பற்கள் உண்டு. பாயும்போது ஊன்றிக்கொள்ள அவை உதவும்.

எறிதலும் ஏந்துதலும்

போட்டி இரு தினங்களில் இரு பகுதிகளாக நடைபெறும். முதலாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் நிமிட நேரக் குறும் ஆட்டம். மற்றையது நான்கு நிமிட நெடிய ஆட்டம். நான்கு நிமிடம் என்பது நமக்கு ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் நேரம். அவர்களுக்கோ அது மூச்சு முட்டும் காலம்.

தலைக்குமேல் உயர்த்துதலை முதலிற் சொல்லலாம். ஆடவன் சுழன்று சறுக்கிக்கொண்டே துணைவியை நீட்டிய கையில் ஏந்துகிறான். சில வேளை ஒற்றைக் கையிலேயே ஏந்துகிறான். இதைக் காண்போர், அனைத்தும் ஆடவனின் புயபலமே என எண்ணுவர். எமக்கும் முன்னர் அவ்வெண்ணமே இருந்தது. ஆனால் உறங்கும் குழந்தையைத் தூக்கிய தாய்மார் உண்மையை அறிவர். விழித்திருந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் குழந்தையினும் உறங்கித் துவண்ட குழந்தை கனக்கும் அல்லவா? மேலே இருக்கும் நங்கை தன் முதுகையும் வயிற்றையும் கற்றூண் போல் இறுக்கி வைத்திராவிடில், எத்துணை வலியவனாலும் அவளைத் தாங்க இயலாது. பாரத்தை அவன் சுமக்கிறான். சமநிலையை அவள் சுமக்கிறாள்.

அடுத்தது, எறிந்து பிடித்தல். இதைத்தான் மூதாட்டி கண்டார். மேலே எறியப்பட்ட நங்கை கைகளை மார்போடு ஒடுக்கிக்கொள்வாள். உடல் ஒடுங்க ஒடுங்கச் சுழற்சி மிகும் என்பது இயற்கை விதி. மூன்று சுற்றுச் சுற்றி அவள் இறங்குகையில், அவன் அவள் இடையைப் பற்றி மெல்லத் தரையில் இறக்கவேண்டும். எறிபாய்ச்சல் என்பது இதனினும் கடியது. அதில் அவன் அவளை முன்னோக்கி எறிந்துவிடுவான், பிடிப்பதில்லை. சில மீற்றர் தூரம் காற்றிற் சுழன்று சென்று, ஒற்றைக் காலில், பின்புறமாகச் செல்லும் ஒரே விளிம்பில், தானாக இறங்குதல் அவள் பொறுப்பு. இவற்றைப் பனியில் உடனே பழகுவதில்லை. முதலில் வெறுந்தரையில், மெத்தை விரித்து, இடையிற் கச்சை கட்டிக் கயிற்றில் தொங்கவிட்டுப் பழக்குவர்.

மரணச் சுருள் என்றொரு வித்தையும் உண்டு. இப்பெயரை யார் சூட்டினரோ, எமக்கு இது பிடிக்கவில்லை. ஆடவன் ஒரு காலின் நுனிப்பற்களைப் பனியில் ஊன்றி அச்சாணி போல் நிற்பான். அவன் ஒரு கையைப் பற்றிய நங்கை, தரைக்குச் சமாந்தரமாகத் தாழ்ந்து, கூந்தல் பனியை உரசுமளவுக்குக் கிடந்த நிலையில் அவனைச் சுற்றிவருவாள். லெனின்கிராட் நகரத்துத் தம்பதிகளான லியுட்மிலா பெலொசோவா, ஒலெக் புரொட்டொபோபொவ் என்போர் இவ்வித்தையின் புதிய வடிவங்களைப் படைத்தபோது, உயிர்ச் சுருள் என்றும் காதற் சுருள் என்றும் பெயரிட்டனர். அவையே பொருத்தமான பெயர்கள்.

கைப்பிடியே இல்லாமல் அருகருகே நின்று ஒரே கணத்திற் பாய்தலும் ஒரே வேகத்திற் சுழலுதலும் உண்டு. பார்வைக்கு இவை எளியனவாகத் தோன்றும். ஆயினும் கத்தி போன்ற தகடு இரு பக்கமும் சுழல்கிறது என்பதை மறக்கலாகாது. 1996ஆம் ஆண்டு ஜனவரியில் ருஷ்ய நங்கை யெலீனா பெரெஷ்னயா பயிற்சியின்போது, அந்நாளைய துணைவரின் தகடு தாக்கி மண்டையோட்டிற் காயமுற்றார். பேச்சையும் நடையையும் மீண்டும் கற்க வேண்டியிருந்தது. ஆறே ஆண்டுகளில், அன்ரன் சிகருலிட்சே என்னும் வேறொரு துணைவருடன் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவ்வாண்டு நடுவர் ஒருவரின் மதிப்பெண் பற்றி எழுந்த பூசலால் கனடா நாட்டுச் சோடிக்கும் தங்கம் வழங்கப்பட்டு, பின்னர் மதிப்பெண் முறையே மாற்றப்பட்டது. அது வழக்காடுவோருக்கு உரிய கதை, விட்டுவிடுவோம்.

தூரின் நகரத்து இரவு

மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். பிடி தவறினால் என்ன நேரும்?

2004ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரில் ஒரு போட்டி. அவ்வாண்டின் உலக வெற்றியாளர்களான தத்தியானா தொத்மியானினா, மக்சிம் மரினின் என்னும் ருஷ்யச் சோடி ஆடிக்கொண்டிருந்தது. தலைக்குமேல் அவளை உயர்த்தியிருந்த வேளையில் மரினினின் கால் தடுமாறிற்று. அவள் தலைகீழாகப் பனியில் விழுந்தாள். நினைவிழந்து கிடந்தவளைத் தூக்குக் கட்டிலிற் கொண்டுசென்றனர். நல்லூழாக மூளை அதிர்ச்சியோடு தப்பினாள். சில வாரங்களிற் பயிற்சிக்கும் திரும்பிவிட்டாள்.

திரும்ப இயலாது தவித்தவர் மரினின். விழுந்தவளுக்கு இல்லாத அச்சம் வீழ்த்தியவரைப் பற்றிக்கொண்டது. மீண்டும் அவளைத் தலைக்குமேல் உயர்த்துவதற்கு அவர் மனநூல் வல்லுநரின் உதவியை நாட வேண்டியதாயிற்று. இவ்வாட்டத்தின் உட்பொருளை இந்நிகழ்ச்சியிலேதான் நாம் முதலில் உணர்ந்தோம். மேலே இருப்பவளுக்கு அஞ்சுவதற்குரிய நேரமில்லை. கீழே நிற்பவனே இருவருக்குமாக அஞ்ச வேண்டியவன். தன்னை நம்புமாறு அவள்தான் அவனுக்குக் கற்பித்திருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டு மொஸ்கோவில் அவர்கள் மீண்டும் உலகப் பட்டத்தை வென்றனர்.

2006ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் தேதி இத்தாலியின் தூரின் நகரில் ஒலிம்பிக் இறுதி ஆட்டம் நடைபெற்றது. ருஷ்யச் சோடி பிழையின்றி ஆடி முன்னணியில் நின்றது. இறுதியில் வந்தது சாங் டான், சாங் ஹாவ் என்னும் சீனச் சோடி. குடும்பப் பெயர் ஒன்றாயினும் இவர்கள் உறவினரல்லர். அதுவரை எவரும் போட்டியில் வெற்றியாக நிறைவேற்றாத நான்கு சுற்று எறிபாய்ச்சலை அவர்கள் முயன்றனர். 20 வயதுப் பெண்ணான சாங் டான் கால்கள் விரிய முழங்கால் மோதி விழுந்து, ஓரத்துச் சுவர்வரை வழுக்கிச் சென்றாள். இசை நின்றது. துணைவன் தாங்கிவர, நொண்டியபடி வெளியேறினாள். ஆட்டம் முடிந்தது என்றே யாவரும் கருதினர். சில நிமிடங்களின் பின்னர் அவள் பனியைச் சுற்றி மெல்லச் சறுக்கிப் பார்த்தாள், துணைவனை நோக்கினாள், விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடர்ந்தாள். எஞ்சிய பாய்ச்சல்களையும் எறிதல்களையும் அதே காலால் ஆடி முடித்து வெள்ளிப் பதக்கம் பெற்றாள். தங்கம் தொத்மியானினா, மரினின் இருவருக்கும் கிடைத்தது. வெண்கலம் பெற்ற சென் சுயே, சாவ் ஹொங்போ என்னும் சீனச் சோடியிலும், சாவ் முந்திய ஆண்டு குதிகால் நரம்பு அறுந்து சிகிச்சை பெற்றவர். அன்று மேடையில் நின்ற மூன்று சோடிகளும் வீழ்ச்சியோ முறிவோ கண்டு எழுந்தவர்களே.

இசை நின்றபோது

சோடிச் சறுக்கல் ஒலிம்பிக்கிற் புகுந்தது 1908ஆம் ஆண்டு இலண்டன் விழாவிலாகும். முதல் வெற்றி ஜேர்மனியைச் சேர்ந்த அன்னா ஹியூப்ளர், ஹைன்ரிக் பேர்கர் என்போருடையது. பின்னர் பிரான்சு நாட்டு புரூனே தம்பதிகள் 1928இலும் 1932இலும் வென்றனர். ஆயினும் இக்கலையைத் தம்முடையதாக்கிக்கொண்டோர் ருஷ்யரே. 1964 முதல் 2006 வரை நடந்த பன்னிரண்டு ஒலிம்பிக் விழாக்களிலும் அவர்கள் தங்கத்தைப் பிறர் தனித்துக் கொண்டுசெல்ல விட்டதில்லை.

இவ்வரிசையைத் தொடக்கியவர் மேலே சொன்ன புரொட்டொபோபொவ் தம்பதிகள். 1968இல் இரண்டாம் முறை வென்றபோது அவருக்கு வயது 35, மனைவிக்கு 32. அந்த வயதிற் பலர் ஆட்டத்தை விட்டு ஆசிரியராகிவிடுவர். இவர்களோ 1979இல் நாட்டை நீங்கிச் சுவிற்சர்லாந்திற் தஞ்சம் புகுந்து, எழுபது வயதைக் கடந்த பின்னும் காட்சி மேடைகளிற் கைகோத்துச் சறுக்கினர். மனைவி 2017இலும் கணவர் 2023இலும் காலமாயினர்.

அவர்களுக்குப் பின் வந்த இரீனா ரொட்னினா, மூன்று ஒலிம்பிக் தங்கங்களும் அடுத்தடுத்துப் பத்து உலகப் பட்டங்களும் வென்றவர். 1973இல் பிராட்டிஸ்லாவா நகரில் அவரும் அலெக்சாந்தர் சைற்செவும் ஆடிக்கொண்டிருக்கையில் இசை திடீரென நின்றுபோயிற்று. அவர்கள் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் நிறைந்த கூடத்தில் தகடுகள் பனியைக் கீறும் ஓசை மட்டுமே கேட்க, இறுதிவரை ஓரடியும் பிசகாது ஆடி முடித்தனர். பட்டமும் அவர்களுக்கே. இசைக்கு ஆடுவோர் பலர். உள்ளே ஒரே தாளத்தை வைத்திருப்போர் சிலரே என்று இதை நாம் கொள்கிறோம்.

1988இலும் 1994இலும் வென்ற எக்காத்தெரீனா கோர்தேயெவா, செர்கேய் கிரின்கோவ் என்போரைப் பற்றி எழுதும்போது மனம் தளர்கிறது. சிறுவயதிலேயே சோடி சேர்க்கப்பட்டு, வளர்ந்து, மணம் புரிந்து, ஒரு பெண்மகவையும் பெற்ற இவர்கள் 1995 நவம்பர் 20ஆம் தேதி அமெரிக்காவிற் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். 28 வயதேயான கிரின்கோவ் பனித்தரையிலேயே மாரடைப்பால் சாய்ந்தார். மறு ஆண்டு அவர் நினைவு விழாவில் கோர்தேயெவா தனியே ஆடினார்.

நகையாடப்பட்டவர்

ஆசியர் இக்கலையிற் புகுந்த கதை எமக்கு மிக உவப்பானது. 1980ஆம் ஆண்டு ஜேர்மனியின் டோற்முண்ட் நகரில் நடந்த உலகப் போட்டிக்குச் சீனாவிலிருந்து யாவ் பின், லுவான் போ என்னும் சோடி வந்தது. அவர்களுக்கு வழிகாட்டத் தேர்ந்த ஆசான் எவரும் நாட்டில் இருந்திலர். புகைப்படங்களைப் பார்த்தே வித்தைகளைப் பயின்றனர் என்பர். படத்தில் ஒரு கணம் தெரியும். அதற்கு முந்திய கணமும் பிந்திய கணமும் தெரியுமா? கடைசி இடமே கிடைத்தது. பார்த்திருந்தோர் நகைத்தனர்.

அந்த நகைப்பை யாவ் பின் மறக்கவில்லை. பிற்காலத்தில் பயிற்சியாளராகி, சிறுவர் சிறுமியரைத் தேர்ந்து சோடி சேர்த்தார். சென் சுயே, சாவ் ஹொங்போ அவருடைய மாணவரே. 1992இற் சேர்ந்த இவ்விருவரும் 2002இலும் 2006இலும் வெண்கலம் பெற்று, 2007இல் மணம் புரிந்து, ஆட்டத்தை விட்டு ஓய்ந்தபின் மீண்டும் திரும்பி, 2010ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரிற் தங்கம் வென்றனர். அப்போது அவருக்கு 36 வயது. அவருக்கு வாய்த்த மனைவிக்கு 31. ருஷ்யரின் பன்னிரு விழாத் தொடர் அன்று முடிந்தது. வெள்ளியும் யாவ் பின்னின் மாணவருக்கே. டோற்முண்டில் நகைத்தவருள் எத்தனை பேர் அதைப் பார்த்திருந்தனரோ!

தேநீர்க் கடையில் நாம் பார்த்த சோடி யப்பானியர்: ரிக்கு மியூரா, ரியூயிச்சி கிஹாரா. 2023இல் தம் நாட்டுக்கு இப்பிரிவில் முதல் உலகப் பட்டம் ஈட்டி, 2025இல் மீண்டும் வென்றவர்கள்.

பனியில்லாத நாட்டார் என்ன செய்வது? இந்தியாவின் சிம்லா நகரில் 1920 முதல் மாரிக்காலத்தில் இயற்கைப் பனியிற் சறுக்கும் களம் ஒன்றுண்டு. அது இமயத்துச் சாரல். தக்காணத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியது சக்கரம். சப்பாத்தின் கீழே இரண்டிரண்டாக நான்கு சக்கரமும், நுனியில் ஒரு ரப்பர்க் கட்டையும் பூட்டி, பலகைத் தரையில் ஆடுவது உருளைச் சறுக்கல். அங்கும் சோடிகள் உண்டு. உயர்த்துதல், எறிதல், சுருள் யாவும் உண்டு. சப்பாத்து பனிச் சப்பாத்தினும் கனமானது. விழுந்தால் தரை வழுக்கிக் கொண்டுபோகாது, அப்படியே அடிக்கும்.

2010 நவம்பரில், அதாவது சென்னும் சாவும் தங்கம் வென்ற அதே ஆண்டில், சீனாவின் குவாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. அதில் ஐதராபாத்தைச் சேர்ந்த அனூப் குமார் யாமாவும் குஜராத்தைச் சேர்ந்த அவனி பஞ்சாலும் உருளைச் சறுக்கற் சோடிப் பிரிவில் வெண்கலம் வென்றனர். தனியாட்டத்திலும் அனூப் குமார் வெண்கலம் பெற்றார். ஆசிய விழாவில் இவ்விளையாட்டில் இந்தியா பெற்ற முதற் பதக்கங்கள் இவையே. 2015இல் அவருக்கு அர்ஜுனா விருது அளிக்கப்பட்டது. பத்திரிகைகள் அவனியின் பெயரைச் சிறிய எழுத்திலேயே அச்சிட்டன. எறியப்பட்டு ஒற்றைக் காலில் இறங்கியவள் அவளல்லவா என்று எமக்குக் கேட்கத் தோன்றிற்று.

மருதானைக்கு அடுத்த பஞ்சிகாவத்தையில், மோட்டார்க் கடைகளிற் கழித்த பேரிங்குகளைப் பலகையிற் பூட்டி வண்டி செய்து, ஒருவன் தள்ள ஒருவன் அமர்ந்து ஒழுங்கைச் சரிவில் உருளும் சிறுவரை நாம் கண்டதுண்டு. முன்னே இருப்பவன் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

கடையில் அந்த ஆட்டம் முடியும்வரை எவரும் வெளியேறவில்லை. இறுதியில் யப்பானிய நங்கை எறியப்பட்டு, ஒற்றைக் காலில் இறங்கி, பின்புறமாக வளைந்து சென்றபோது மூதாட்டி பெருமூச்செறிந்தார்.

"விழேல்லை" என்றான் பேரன்.

"பேசாமப் பார், இன்னும் முடியேல்லை" என்றார் அவர்.

சற்று நேரத்தில் மழை விட்டது. துடுப்பாட்டம் நடக்குமிடத்திலும் விட்டிருக்கும்போலும். முதலாளி அலைவரிசையை மாற்றினார். நாம் தேநீருக்குரிய காசைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம்.